பின்பக்கத்துப் பெயர்

மா குமோக் வரைந்த படங்களின் பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதியது அவள் கணவர். பதினேழு வருஷமாக அப்படித்தான். அவர் ஆசையாகச் செய்த காரியம் அது. அவளும் ஆசையாகத்தான் செய்ய விட்டாள். அந்த எழுத்தே ஒருநாள் எழுந்து நின்று, இந்தப் படங்கள் இவள் வரைந்தவையே இல்லை என்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டார்கள்? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்வதுதான் முறை. முதலிலிருந்து சொல்லலாம், எரிச்சலை ஒரு பக்கம் வைப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

தேகு நகரத்துச் சாயப்பட்டறைகள் ஆற்றைத் தினம் ஒரு நிறமாக ஓடவிட்டுக்கொண்டிருந்த காலம். குமோக் பதினைந்து வயதில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனாள். ஆரம்பப் பள்ளியோடு அவள் படிப்பு நின்றுவிட்டது. தம்பிகள் இரண்டு பேர் படிக்க வேண்டியிருந்ததால் அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. பட்டறையில் நெஞ்சுயரத் தொட்டிகள், கொதிக்கும் சாயம், அதில் ஊறும் துணியைப் புரட்ட இரண்டு ஆள் நீளத்தில் ஒரு கழி. ஆண்கள்தான் அதைப் பிடிப்பார்கள். ஒருமுறை கழிக்காரன் முதுகு பிடித்துப் படுத்துவிட்டான். ஒருநாள் மட்டும் என்று சொல்லி இவளை நிறுத்தினார்கள். அந்த ஒருநாள் பத்து வருஷமாக நீண்டது. ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆனால் அவள் தோளைப் பற்றிப் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அவள் கழியைத் தள்ளினால் தொட்டியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை துணி ஒரே மடிப்பாகப் போய் விழும். சம்பளம் மட்டும் கடைசிவரை பெண்பிள்ளைச் சம்பளம்தான்.

சொக் ஜின்பியோ நடுநிலைப் பள்ளியில் ஓவிய வாத்தியார். ஆந்தோங் பக்கத்துப் படித்த குடும்பம். நாலு வயதிலேயே தாத்தா மடியில் உட்கார்ந்து சீன எழுத்து எழுதிப் பழகியவர். கழிவுத் துணி கிடைத்தால் பள்ளிப் பிள்ளைகள் அதில் வரைவார்களே என்று பட்டறைக்குக் கேட்டு வந்தார். மூட்டையைத் தோளில் சுமந்து வாசலுக்குக் கொண்டுவந்தவள் குமோக். பெண்பிள்ளை சுமப்பதா என்று அதைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்ட வாத்தியார், இரண்டடி வைப்பதற்குள் மூட்டையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாத்தியாருக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய அம்மாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

கல்யாணமாகி மகள் மிரான் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு குளிர்கால முற்பகல். வாத்தியார் ஒரு துணியைத் தரையில் விரித்து வெள்ளைப் பூச்சுப் பூசிக் காயவிட்டுப் போயிருந்தார். குமோக் பெருக்க வந்தாள். கையில் சோளத்தட்டைத் துடைப்பம். மூலையில் பட்டறையிலிருந்து வாங்கி வைத்த கறுப்புச் சாயம் ஒரு வாளி. என்ன தோன்றியதோ, துடைப்பத்தைச் சாயத்தில் முக்கி, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து, துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே தள்ளாகத் தள்ளினாள். பிறகுதான் என்ன செய்தோம் என்று பயம் வந்தது. சாயங்காலம் வீடு திரும்பிய வாத்தியார் கோட்டைக் கழற்றாமல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் இரண்டு துணி வாங்கி வந்தார், ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. நல்ல மனுஷர்தான், இல்லையென்று யார் சொன்னது?

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு ஓவியர்கள். இரண்டு பேர் படத்திலும் மரம் இல்லை, மலை இல்லை, மனுஷ முகம் இல்லை. ஒற்றுமை அதோடு சரி. அவர் வெள்ளைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பென்சிலால் நூல் நூலாகக் கோடு இழுப்பார். மேலிருந்து கீழ், மறுபடி மேலிருந்து கீழ். ஒரு படம் முடிய மூன்று மாதம் ஆகும். அருகில் போய்ப் பார்த்தால்தான் அதில் ஏதாவது இருப்பதே தெரியும். அவளுடையது கறுப்பும் காவியும். அறை வாசலில் நின்றாலே ஆளைப் பிடித்துத் தள்ளும். வரைவது பத்து நிமிஷ வேலை. ஆனால் அதற்கு முன்னால் பத்து நாள் வெறுந்துணியைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். பிடிக்காவிட்டால் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்வாள். அவள் வீட்டுத் தரைத்துணிகளில் பாதி ஒரு காலத்தில் ஓவியமாக இருந்தவை.

இந்த மாதிரிப் படங்களுக்கு முன்பக்கத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. நிறத்துக்கு நடுவில் பெயர் வந்து உட்கார்ந்தால் படம் கெட்டுப்போகும். பின்பக்கத்தில்தான் பெயர், வருஷம், எண் எல்லாம். எழுபத்தொன்பதில் அவள் படம் முதன்முதலாக ஒரு கூட்டுக் கண்காட்சிக்குப் போனபோது வாத்தியார் தூரிகையை நீட்டி எழுதச் சொன்னார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் எழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும். நீங்களே எழுதிருங்க மிரான் அப்பா."

"உன் படம்மா. உன் கையால எழுதினாதானே நல்லாருக்கும்?"

"பேரு என்னுதுதானே? யாரு எழுதினா என்ன?"

அவர் எழுதினார். மூன்று சீன எழுத்துகளில் அவள் பெயர். அத்தனை அழகாகத் தன் பெயரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டறைச் சம்பளச் சீட்டில் பாதி நாள் அவள் பெயரைத் தப்பாகத்தான் எழுதுவார்கள். மை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அவரேதான் எழுதினார். முதலில் அவள் படங்களுக்கு, கடைசியில் தன்னுடையவற்றுக்கு.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பொங்சான் தெருவில் ஒரு காட்சிக்கூடத்தை ஒரு வாரத்துக்கு எடுத்தார்கள். இருவருக்கும் ஆளுக்குப் பதினொரு படம். கூடத்தை நடத்துகிற யொம் அம்மாள் கெட்டிக்காரி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வைத்தால் கூட்டம் வரும் என்று சொல்லி, 'தம்பதி ஓவியக் கண்காட்சி' என்று அட்டை அடித்தாள். படங்களை ஏற்றும் அவசரத்தில் வாத்தியாருடைய கடைசிப் படத்துக்குப் பின்னால் பெயர் எழுத நேரம் இல்லாமல் போயிற்று. முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று அப்படியே மாட்டிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் திறப்பு. வாசலில் மூன்றடுக்குப் பூவளையங்கள் எட்டு. எட்டு ரிப்பனிலும் 'சொக் ஜின்பியோ ஆசிரியருக்கு வாழ்த்துகள்'. தம்பதிக் கண்காட்சியாம்! அனுப்பிய எட்டுப் பேரில் ஒருவருக்காவது தம்பதி என்றால் இரண்டு பேர் என்று கணக்குத் தெரியவில்லை. அவள் பெயருக்கு வந்தது ஒரே ஒரு ஆர்க்கிட் தொட்டி. பழைய பட்டறைத் தோழிகள் சேர்ந்து வாங்கியது. அதை யொம் அம்மாள் குடைகள் வைக்கிற மூலையில் வைத்திருந்தாள். குமோக் போய் எடுத்துவந்து தன் பெரிய படத்துக்குக் கீழே வைத்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் அவளை "வாத்தியார் வீட்டம்மா" என்று கூப்பிட்டார்கள். நல்ல சேலை மாதிரிச் சரசரக்கும் ஹன்போக் உடுத்தி அவள் தன் படங்களுக்கு நடுவில் நிற்க, வந்தவர்கள் பலகாரத்துக்கு நன்றி சொன்னார்கள். பலகாரம் கடையில் வாங்கியது. ஒரு ஆள் இவளுடைய படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அரிசிப் பானம் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று இவளிடமே கேட்டான். அவளும் எடுத்துக் கொடுத்தாள். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

பிறகு புரொஃபசர் பாங் வந்தார். நாலு நடுவர் குழுவில் இருப்பவர், இரண்டு பத்திரிகையில் எழுதுகிறவர். அவர் ஒரு படத்தின் முன்னால் நின்றால் கூடமே அங்கே வந்து நிற்கும். ஒரு ஜவுளி முதலாளி புதிதாகக் கட்டும் கலைக்கூடத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அப்போது அவரிடம்தான் இருந்தது. வாத்தியாருடைய வெள்ளைப் படங்களை மரியாதைக்கு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குமோக்கின் பெரிய கறுப்புப் படத்தின் முன்னால் வந்து நின்றார். படைப்பு 94-11. நின்றவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அவள் வாழ்க்கையில் அவள் படத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஆள் நின்றதில்லை.

அவர் கீழே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் குனிந்து படித்தார். சிரித்தார். படத்தை இறக்கச் சொன்னார். இரண்டு பேர் பிடித்து இறக்கிப் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். புத்தாண்டு தவறாமல் வாத்தியார் தூரிகையால் எழுதி அனுப்பும் வாழ்த்துகளை இருபது வருஷமாக வாங்குகிறவர் அவர். அந்தக் கையெழுத்தைத் தூக்கத்தில் காட்டினாலும் சொல்வார்.

"நெனைச்சேன்," என்றார். "இது சொக் வாத்தியார் கை. இந்த வேகமும் பலமும் வேற எங்கேருந்து வரும்? வீட்டம்மாவுக்கும் நாலு படம் இருக்கட்டும்னு தன்னோடதை எடுத்து அவங்க பேருல மாட்டியிருக்காரு. பெண்டாட்டி மேல இவ்வளவு பாசம் வெச்ச மனுஷனை நான் பாத்ததில்ல."

கூடம் கை தட்டியது. தட்டிய கைகளில் பாதி பெண்களின் கை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யொம் அம்மாள் பூரித்துப்போய்ப் புரொஃபசருக்கு ஒரு கிண்ணம் மக்கொல்லி என்கிற அரிசிக் கள் ஊற்றிக் கொடுத்தாள். குமோக் கணவரைப் பார்த்தாள். வாத்தியார் காது வரை சிவந்து நின்றார். வாய் திறக்கவில்லை. புரொஃபசர் கிண்ணத்தை வாங்கி, உறிஞ்சி, கடைசிச் சொட்டு வரை குடித்து மேஜையில் வைத்தார். அதுவரை வாத்தியார் நின்றபடியே நின்றார். பிறகுதான் வாய் திறந்து, "இல்லீங்க, அது இவ வரைஞ்சது. பேரை மட்டும்தான் நான் எழுதினேன்," என்றார்.

"பாத்தீங்களா?" என்று புரொஃபசர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "எப்பேர்ப்பட்ட அடக்கம்!"

வாத்தியார் மறுபடி மறுத்தார். மறுக்க மறுக்க அவருடைய அடக்கம் வளர்ந்துகொண்டே போயிற்று. பக்கத்தில் நிற்கிற குமோக்கை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, நீங்கள் வரைந்ததா என்று கேட்கவில்லை. அவளே "நான்தான் வரைஞ்சேன்" என்றபோது, புரொஃபசர் சின்னக் குழந்தையிடம் தலையாட்டுவதுபோல அன்பாகத் தலையாட்டினார். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவள் சூப்புக் கிண்ணத்தை வைத்த வைப்பில் மேஜை அதிர்ந்தது. வாத்தியார் கரண்டியைத் தொடவில்லை.

"ஒரு கிண்ணம் குடிச்சு முடிக்கிற நேரம்," என்றாள். "அவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீங்க மிரான் அப்பா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். திகைத்துப்போனேன், பெரியவர் பேசும்போது குறுக்கிட வேண்டாம் என்று பார்த்தேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது.

"அங்கேதான் இருந்தேன்," என்றார். "கேக்க நல்லா இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷமா கோடு போடறேன். என் படத்து முன்னாடி ஒருத்தரும் அப்படி நின்னதில்ல. வேகம், பலம்னு என்னைப் பாத்து யாரும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை கேட்டுக்கிட்டேன்."

குமோக்குக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று. பாவப்பட்டவனுக்கு ஒரு வாய் கொடுக்கலாம். ஆனால் அவர் எடுத்தது அவளுடைய கிண்ணம். அதுவும் முதல் கிண்ணம். அவளுக்கே இன்னும் ஒரு வாய் கிடைக்காதபோது.

"எனக்கும் ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை யொம் அம்மாள் வீட்டுக்கே வந்தாள். முகமெல்லாம் பல். கலைக்கூடத்துக்கு 94-11 வேண்டுமாம். நுழைந்ததும் எதிரே வரும் சுவருக்கு. ஐம்பது வருஷம் அங்கேயே இருக்குமாம். ஒன்றே ஒன்று, பெயர்ப்பலகையில் சொக் ஜின்பியோ என்று இருக்க வேண்டும். அதற்கு வாத்தியார் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். புரொஃபசர் கடிதத்தையே எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"ஒரே வீடுதானேக்கா," என்று யொம் அம்மாள் குமோக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு பேரு இருந்தா என்ன? புருஷன் பேரு வெளங்குனா உங்களுக்கும் பெருமைதானே?"

"அப்போ ஒரே வீடுதானே, என் பேரைப் போடச் சொல்லு."

யொம் அம்மாளுக்கு அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று நிஜமாகவே புரியவில்லை. வாத்தியார் கடிதத்தை எடுத்து, படிக்காமல் மடித்து, அவள் பைக்குள் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட முடியாது என்றார். இந்தத் தடவை உடனே சொன்னார்.

சாயங்காலம் தொலைபேசி வந்தது. புரொஃபசர் விட்டுக்கொடுத்தாராம். அந்த அம்மாள்தான் வரைந்தது என்றால் சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் குழுவினர் முன்னால் ஒரு படம் வரைந்து காட்டட்டும். பொருளெல்லாம் அவர்களே வாங்கி வைத்துவிடுவார்கள். சந்தேகம் தீர்ந்தால் அவள் பெயரிலேயே எடுத்துக்கொள்வார்களாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! ஐம்பத்து மூன்று வயதில், முப்பது படம் வெளியே காட்டிய பிறகு, கயிற்றின் மேல் நடக்கிறவளைப் போல நடுக்கூடத்தில் முட்டி போட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டும்.

வாத்தியார் போக வேண்டாம் என்றார். குமோக் போவேன் என்றாள். கூடவே ஒன்று சொன்னாள்.

"அங்கே நீங்க வாயைத் தொறக்கக்கூடாது. நீங்க எது சொன்னாலும் அடக்கம்னுதான் சொல்லுவாங்க. நான் கேக்கறதை மட்டும் எடுத்துக் கொடுங்க."

சனிக்கிழமை கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பக்கத்தில் கறுப்பு வண்ணம் ஒரு தட்டில், புத்தம் புதுத் தூரிகைகள் வரிசையாக. துடைப்பம் இல்லை. அவள் எதால் வரைகிறாள் என்றுகூடக் கேட்கத் தோன்றாதவர்கள்தான் அவளைச் சோதிக்க வந்திருந்தார்கள். புரொஃபசரும் குழுவிலிருந்து இன்னும் மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யொம் அம்மாள் பழம் நறுக்கி வைத்திருந்தாள்.

குமோக் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து புரொஃபசருக்கு எதிரே நின்றாள்.

"இவரை யாராச்சும் கோடு போட்டுக் காட்டுன்னு கேட்டீங்களா?"

"அவர் விஷயத்துல சந்தேகமே இல்லையேம்மா."

"ஏன் இல்ல?"

புரொஃபசர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அவரை எனக்கு இருபது வருஷமா தெரியும்."

"என்னையும் இருபது வருஷமா தெரியும். எங்க வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க? சோறு வெச்சது நான். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ பக்கத்து ரூம்ல என் துணி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாளாவது எட்டிப் பாத்தீங்களா?"

அவர் பழத்தட்டைப் பார்த்தார். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது, வரைவதாக இருந்தால் தொடங்கலாமே என்று யொம் அம்மாள் மெதுவாகச் சொன்னாள். குமோக் கணவர் பக்கம் திரும்பி, அவருடைய கடைசிப் படத்தை, பின்னால் பெயர் எழுதாமல் மாட்டிய அந்த வெள்ளைப் படத்தை, இறக்கித் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். வாத்தியார் ஒரு கணம் தயங்கினார். மூன்று மாத வேலை அது. பிறகு இறக்கினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கத்தை அவளுக்குக் காட்டி நின்றார்.

அவளைச் சோதிக்க வாங்கி வைத்த புதுத் தூரிகையில் ஒன்றை எடுத்து, அவளைச் சோதிக்கக் கரைத்து வைத்த கறுப்பில் முக்கினாள். சீன எழுத்து இல்லை, ஆரம்பப் பள்ளியில் கற்ற நாட்டு எழுத்து. ஒரு எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறியதாகவும், வரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டும் போயிற்று. ஒரு இடத்தில் மை ஒழுகியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சொக் ஜின்பியோ என்று எழுதி, கீழே வருஷத்தைப் போட்டாள். அவள் நான்கு பேருக்கு முன்னால் எழுதியது அதுதான் முதல் தடவை. பதினேழு வருஷமாக எந்தக் கோணல் எழுத்துக்கு வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளோ, அந்த எழுத்து.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எழுத்தைப் பாத்து ஆளைச் சொல்றவர் நீங்க. இது யாரு வரைஞ்ச படம்?"

"இதென்னம்மா கேள்வி?" என்றார் புரொஃபசர். "சொக் வாத்தியார் வரைஞ்சது."

"எழுத்து என்னுது. நீங்க பாக்கத்தானே எழுதினேன்."

"எழுத்து யாருதா இருந்தா என்ன? அவர் பேருதானே போட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் அவர் தான் சொன்னதைக் கேட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழுவில் மற்ற மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கறுப்புப் படத்தைப் பார்த்தார்கள், பிறகு முதல் தடவையாக அதன் கீழே இருந்த பெயர்ச்சீட்டை. யொம் அம்மாளின் கையில் பழம் குத்திய முள்கரண்டி அப்படியே நின்றது.

குமோக் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நிற்க என்ன இருக்கிறது? விரித்திருந்த வெள்ளைத் துணியின் மேலேயே மிதித்து நடந்து, தன் படத்தின் அடியில் இருந்த ஆர்க்கிட் தொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கலைக்கூடம் 94-11-ஐ வாங்கவில்லை. அவள் பெயரில் எடுத்துக்கொள்வோம் என்று சொன்ன வாயும் அதோடு மூடிக்கொண்டது. புரொஃபசர் ஒரு பத்திரிகையில் அந்த வருஷக் கண்காட்சிகளைப் பற்றி நீளமாக எழுதினார். அதில் தம்பதிக் கண்காட்சி என்று ஒரு வரி இருந்தது, அந்த வரியில் பெயர் ஒன்றுதான் இருந்தது. யாருடைய பெயர் என்று சொல்லத் தேவையில்லை. நியாயம் ஜெயித்தது என்று கதை முடிக்க ஆசைதான். ஜெயிக்கவில்லை. அந்தச் சுவரில் இன்றைக்கு வேறு யாருடைய படமோ இருக்கிறது.

கண்காட்சி முடிந்த அன்று படங்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கறுப்புப் படம் அறைக்குள் போகவில்லை. நடையில் பக்கவாட்டில் சாத்திவைத்தார்கள். குளிக்கப் போகிறவர்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டு அதைக் கடந்துதான் போக வேண்டும். வாத்தியார் மை தேய்த்து, தூரிகை எடுத்துவந்து, அந்தப் படத்தின் பின்பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். தான் எழுதிய மூன்று எழுத்துகளையும் தானே அடித்தார். அடிக்கும்போதும் கோடு நேராகத்தான் வந்தது. பிறகு தூரிகையை அவளிடம் நீட்டினார்.

"பதினேழு வருஷத்துக்கு முன்னாடியே உன்னை எழுத வெச்சிருக்கணும்," என்றார்.

"அப்போ நானே மாட்டேன்னு சொன்னேன்," என்றாள். "அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கிண்ணம் இன்னும் பாக்கி இருக்கு."

அன்றிலிருந்து இரண்டு பேர் படங்களுக்கும் பின்னால் பெயர் எழுதுவது குமோக்தான். முதலில் தன்னுடையவற்றுக்கு, கடைசியில் அவருடையவற்றுக்கு. அவள் எழுத்து இன்னும் கோணல்தான். எழுதிப் பழகலாமே என்று மகள் மிரான் ஒருமுறை கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். குமோக் அதைக் கடை சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொண்டாள்.